கைப்பிடியில் தொங்கிய துவர்த்து

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆளைக் கொல்ல முடிகிற வேலை, மின்சார ஸ்டேஷனில் ஸ்விட்ச் போர்டு பார்க்கிற வேலை. பள்ளிக்கூடம் பிடிக்காமல் நிறுத்திவிட்டுப் பதினேழு வயசில் இதில் வந்து மாட்டினேன். மாட்டியவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் சும்மா வாசியுங்கள்.

மேலா, கீழா

எங்கள் போர்டில் இடது பாதி ஒரு கம்பெனி செய்தது, வலது பாதி வேறொன்று. இடது பக்கம் கைப்பிடி கீழே கிடந்தால் கரண்ட் இல்லை. வலது பக்கம் கீழே கிடந்தால் கரண்ட் உண்டு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை.

முதல் வாரம் கொல்லயில் என்கிற ஊரில் கம்பி மேல் தென்னை மட்டை விழுந்தது. லைன்மேன் ஏசுவடியான் அண்ணன் அங்கிருந்து போன் செய்து லைனை நிறுத்தச் சொன்னார். வலது பக்கத்தில் இருந்த கொல்லயில் கைப்பிடி கீழேதான் கிடந்தது. நின்றிருக்கிறது என்று நினைத்து, "ஏறுங்க" என்றேன். தொடுவதற்கு முன் சோதனைக் கோலை வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்ததால் பிழைத்தார். திரும்பப் போன் வந்தது.

"எலே, கை கீழ கெடந்தா ஆஃபுன்னு உனக்கு யாருலே சொன்னது? இங்க பொறி பறக்குவு!"

பெயர் ஒட்டுதல்

போர்டில் ஊர்ப் பெயர்கள் இங்கிலீஷில் இருந்தன, பாதி அழிந்துபோய். எங்கள் ஊர்கள் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்கிற எல்லைப் போராட்டம் சூடுபிடித்ததும் காலை முறைக்காரர் மலையாளத்தில் எழுதி ஒட்டினார். மாலை முறைக்காரர் அதைக் கிழித்துத் தமிழில் ஒட்டினார். பத்து நாளில் அமரவிளையும் இல்லை, காஞ்சிரங்குளமும் இல்லை, பசை மட்டும் இருந்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தவன் நான்.

ஏசுவடியான் அண்ணன் இதையெல்லாம் பார்த்தார். வியர்வை துடைக்கிற துண்டை, எங்கள் பேச்சில் துவர்த்தை, தோளிலிருந்து எடுத்துக் கொல்லயில் கைப்பிடியில் கட்டினார். அன்றிலிருந்து அதுதான் முறை. துவர்த்து தொங்கினால் அவர் போஸ்ட் மேல் இருக்கிறார், தொடக்கூடாது. இறங்கி வந்து அவரே அவிழ்ப்பார்.

"ஏது பாஷையில வேணும்னாலும் எளுதுங்கோ. நான் மேல இருக்கது தெரிஞ்சா எனக்கு மதி, அது போதும்."

சுத்தம்

ஒரு நாள் ஹர்த்தால். பஸ் இல்லாததால் எனக்கு மாற்று ஆள் வரவில்லை. தொடர்ந்து இரண்டாவது ஷிப்டும் நான்தான். ஏசுவடியான் அண்ணன் துவர்த்தைக் கட்டிவிட்டுக் கொல்லயிலுக்குப் போயிருந்தார். நான் வெளியே மீட்டர் குறித்துவிட்டு வந்தபோது போர்டில் துவர்த்து இல்லை. கரண்ட் எங்கே என்று கொல்லயில் மில்லிலிருந்து வேறு போன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஜீப்பில் வந்திருந்த இன்ஜினியர் பின்னால் நின்று செருமினார். என் கை அப்படியே நின்றது, செய்ததைச் சொல்லிக்கொள்ளும் அவருடைய பெருமையால்தான்.

"இது கண்ட்ரோல் ரூமாணு, துணி உணக்குன்ன ஸ்தலமல்ல. ஞான் அது மடக்கி மேசைக்குள்ள வெச்சிட்டுண்டு." துணி காயப்போடுகிற இடமா இது என்று அவரே அதை மடித்து மேசைக்குள் வைத்திருக்கிறார்.

இறங்கி வந்தவர்

அரை மணி கழித்து அண்ணன் சைக்கிளில் வந்தார். ஜீப் போய்விட்டிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன், என் கை எங்கே இருந்தது என்பது உட்பட. அவர் பீடி பற்றவைக்கப் பார்த்தார். மூன்று குச்சி அணைந்தது. மேசையைத் திறந்து, நாலாய் மடித்திருந்த துவர்த்தை எடுத்து உதறினார்.

"மக்கா, நாளைக்கு உடுத்திருக்க வேட்டிய அவுத்துக் கெட்டுதேன். அத எந்த சாரு மடிச்சு வைக்காருன்னு பாப்பம்."

போர்டு செய்தவர்கள் அதன் முன்னால் உட்காருகிறவன் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, நிதானமாக வருவான் என்று நம்பியிருக்கிறார்கள். அப்படி ஒருவனை எங்கள் ஸ்டேஷனுக்கு இதுவரை யாரும் அனுப்பவில்லை.