பெருநாளுக்குப் பிறகு சீனி

2024.03.19 – சுகர் கிளைடர், சோடி: ரூபா 36,000. முஸ்தாக்.
2024.03.19 – கூடு: ரூபா 4,500. முஸ்தாக்.
2024.04.30 – மிருக வைத்தியர், மருந்து: ரூபா 2,350. றுக்ஸானா.
2024.06.14 – இன்னொரு கிளைடர்: ரூபா 16,000. றுக்ஸானா.
2024.06.14 – ஆளுயரக் கூடு: ரூபா 21,000. றுக்ஸானா.

றுக்ஸானா எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவிப்பவர். வயது ஐம்பத்திரண்டு. பிள்ளை இல்லை என்று சொல்லி 2006இல் கணவர் போய்விட்டார். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. ஆகவே போகவேண்டியவர் கணவர்தான். றுக்ஸானா இருந்த இடத்திலேயே இருந்தார். கல்முனைக் கடைத்தெருவின் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியுமுன் இடியப்பம் கொடுக்கவேண்டும் என்பதால் ஊர் தூங்கும்போது விழித்திருப்பார். அதற்காக அவரை ஆந்தை என்றார்கள். நேரில் மட்டும் ராத்தா, அக்கா முறையில்.

எதிர்வீட்டு முஸ்தாக் புடைவைக் கடைக்காரர். 2024 நோன்பு மாதத்தில் மகள் அம்ஹா கேட்டாள் என்று, சம்மாந்துறையில் ஜவுபரின் குருவிக் கடையிலிருந்து அந்தச் சோடியை வாங்கிவந்தார். சுகர் கிளைடர் அணிலைப் போன்றது. கைக்கும் காலுக்கும் இடையிலுள்ள தோலை விரித்துக் காற்றில் மிதந்து பாயும். பகலெல்லாம் தூங்கி இரவில் எழும்பும். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாடு வரை நோன்பு காலத்தில் அந்த வீட்டில் ஒருவரும் படுப்பதில்லை. விளக்குகள் எரியும், சொந்தக்காரர் வந்து போவார்கள். கிளைடர்கள் திரைச்சீலையிலிருந்து தோளுக்குப் பாய்ந்தன. இவ்வளவு நல்ல பிராணி உலகத்தில் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆணுக்குச் சீனி என்று அம்ஹா பெயர் வைத்தாள்.

நோன்புப் பெருநாள் முடிந்தது. வீடு பத்து மணிக்குப் படுத்தது, கிளைடர்கள் படுக்கவில்லை. குட்டி நாய் போலக் குரைத்தன. கூடு முதலில் குசினிக்குப் போனது, பிறகு மொட்டை மாடியிலிருந்த தகரக் கொட்டிலுக்குப் போனது. தின்னக் கொடுத்தது அப்பிளும் தேனும் மட்டும். பெட்டை செத்தது. சீனியின் பின்னங்கால்கள் விளங்காமல் போயின. முஸ்தாக்கின் மனைவி ஸுல்பிகா அதை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டு றுக்ஸானாவிடம் கொண்டுவந்தார்.

"நீங்கதானே ராவைக்கு முழிச்சிரிக்கிற, ராத்தா. வச்சிப் பாருங்க. செத்தா வளவுக்க பொதைச்சிருங்க."

"மத்தது எங்க புள்ள?"

"அது மௌத்தாப் பெய்த்து. ஜனாஸாவுக்குச் சொல்ல மறந்திட்டம்." மனிதச் சாவுக்கு ஆள் அழைப்பதுபோலச் சொல்லிவிட்டு ஸுல்பிகா சிரித்தார்.

பழம் மட்டும் தின்றால் எலும்பில் கல்சியம் குறையும் என்று மிருக வைத்தியர் விளக்கினார். மருந்தோடு அவித்த முட்டையும் வெட்டுக்கிளியும் கொடுக்கச் சொன்னார். கூட்டமாக வாழும் பிராணி, தனியே விட்டால் தன்னையே கடித்துக்கொள்ளும் என்றும் எச்சரித்தார். ஆறு வாரத்தில் சீனி நடந்தது. ஆனாலும் துணை தேடுமுன் றுக்ஸானா நாட்கணக்கில் யோசித்தார். பத்துப் பன்னிரண்டு வருடம் உயிர் வாழும் பிராணி. அதுவரை தனக்கு உடம்பு இடம் கொடுக்குமா என்பதுதான் அவருடைய யோசனை. பிறகு ஜவுபரிடம் போனார்.

"பெட்டை ஒண்டு தாறன் ராத்தா. குட்டி போட்டா நானே வாங்குறன். லாபம் உங்களுக்குத்தான்."

"குட்டிய நீ ஆருக்குக் குடுப்பாய்?"

"கேக்கிற ஆளுக்கு."

"நோம்புக்குக் கேக்கிற ஆளுக்கா? வேணாம் தம்பி. இளசா ஆண் ஒண்டு தா."

இரண்டு கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று படுத்த துணியை மற்றதன் கூட்டுக்குள் மாற்றி மாற்றிப் போட்டார். வாசனை பழகிய பிறகே ஒன்றாக விட்டார். அதன்பின் அவை ஒரே துணிப்பைக்குள் சுருண்டு தூங்கின. இரவில் அவர் மாப் பிழியும்போது தோளில் இருந்தன.

"புள்ள பெறாதவ எலிக்குத் தொட்டில் கட்டிரிக்கா" என்று ஸுல்பிகா ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த நோன்பு வந்தது. அம்ஹா சீனியைக் கேட்டாள். முஸ்தாக் வந்தார்.

"எங்கட சாமானத் தாங்க ராத்தா."

"கொண்டுபோறண்டா ரெண்டையும் கொண்டுபோங்க. பிரிச்சா செத்திரும்."

"உங்கட எலிய நான் என்னத்துக்கு வளக்க? எங்கட ஒண்டு போதும்."

றுக்ஸானா கொடுக்கவில்லை. முஸ்தாக் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினார். விசாரணை முடியும்வரை பணம் கொடுத்து வாங்கியவரிடமே பிராணி இருக்கட்டும் என்று றுக்ஸானாவுக்குக் கடிதம் வந்தது. கணவர் போன நாளிலிருந்து நிர்வாகம் சொன்னதை அவர் மீறியதில்லை. தனியே இருக்கும் பெண்ணுக்கு மீறுவது எளிதுமல்ல. அவித்த முட்டையோடு சீனியைக் கொண்டுபோய் ஸுல்பிகாவிடம் கொடுத்தார்.

"பெருநாளோட திருப்பித் தந்திருங்க புள்ள."

"பாப்பம், பாப்பம்."

மிச்ச நோன்பு முழுக்க அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். பெருநாளுக்கு மூன்றாம் நாள் சீனி மொட்டை மாடிக்குப் போனது. றுக்ஸானா அவர்களுடைய வாசல் படலையில் போய் நின்றார்.

"நீங்க முழிச்சிரிக்கலியே இப்ப. தாங்களன்."

"விசாரணை முடியல்லையே ராத்தா. நிர்வாகத்துக்கு மாறு செய்யச் சொல்றீங்களா?" என்றார் முஸ்தாக்.

அவர் நிர்வாகத்திடம் போனார். தலைவர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருக்கிறார், வந்ததும் கூடுவோம் என்றார்கள். ஸுல்பிகாவிடம் ஏணிப்படிச் சாவியாவது கேட்டார், சாப்பாடு வைத்துவிட்டு வருவதற்கு. "எங்கட ஊட்டு மாடியில உங்களுக்கு என்ன வேல?" என்று கதவைச் சாத்தினார் ஸுல்பிகா.

இரவில் மாடியிலிருந்து சீனி குரைக்கும். றுக்ஸானாவின் குசினியிலிருந்து மற்றது பதில் குரைக்கும். நடுவில் ஒழுங்கை எட்டடிதான். றுக்ஸானா மாப் பிழிந்துகொண்டே இரண்டையும் கேட்டார். எழும்பிப் போய் நிற்க இயலாது. விடியுமுன் மூன்று கடைக்காரரும் வந்துவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் மாடிப்பக்கத்துக் குரல் நின்றது.

ஸுல்பிகா படலைக்கு வெளியே நின்றபடி கூப்பிட்டுச் சொன்னார்: "உங்கட புள்ள பெய்த்து ராத்தா. வாலையும் வயித்தையும் தானே தின்டிரிக்கி. கூடெல்லாம் ஒரே ரெத்தம். வந்து கழுவித் தருவீங்களா?"

றுக்ஸானா வாளியும் தும்புத்தடியும் எடுத்துக்கொண்டு போனார். அன்றுதான் அவரை மாடிக்கு ஏற விட்டார்கள். கழுவி முடித்துச் சீனியைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்தார். அன்று இரவும் இடியப்பம் அவித்தார். மற்ற கிளைடர் கூட்டின் கம்பியில் தொங்கிக் குரைத்துக்கொண்டிருந்தது. வைத்த முட்டையைத் தொடவில்லை.

பிராணியைப் பராமரித்துச் செலவு செய்தவர் என்பதால் அது றுக்ஸானாவிடமே இருக்கவேண்டும், ஏழு நாட்களுக்குள் அவர் அதைப் பொறுப்பேற்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவுசெய்து எழுதிய கடைசிக் கடிதம் அவருக்குக் கிடைத்த திகதி 2025.05.06.