மேடு இல்லாத வழி

லிஃப்ட்டுக்காரருக்கு மேடு என்றாலே ஆகாது. நாள் முழுக்க ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊரில் பாதிப்பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனிதரிடம் போய், லீவு நாளிலும் ஏறு என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "படுத்த வாக்குல ஒரு ஊர் இருந்தா சொல்லுங்க, அங்கேயே குடிபோயிடறேன்" என்பார்.

அதனால் அவரும் மச்சானும் சேர்ந்து போட்ட சைக்கிள் பயணத் திட்டத்தில் ஆரம்பம் முதலே மேடுகளுக்கு மரியாதை குறைவு. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். ஆளுயரக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு, சந்தை நெரிசலுக்குள் புகுந்து வெளியே வருவான். வழியில் ஒன்றுகூட உடைந்ததில்லை. உடைந்ததெல்லாம் பொருத்திய பிறகு, வீட்டுக்காரர்களின் கைவண்ணம் என்பான். அக்காவின் கல்யாணத்தன்று, புது மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபோதே அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

அன்று பிடித்த பைத்தியம். ஆற்றங்கரையோடு புறப்பட்டு, வயல்வெளிகளுக்கு நடுவே போய், கடலைப் பிடித்து, அதன் ஓரமாகவே கலங்கரை விளக்கம் வரை. பதினொரு நாள். முதல் வருஷம் குழந்தை பிறந்தது, அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருஷம் மழை. பயணம் மெலிந்துகொண்டே போக, திட்டம் மட்டும் நன்றாகச் சதை போட்டது. பீரோக் கதவின் உள்பக்கம் முழுக்க, பென்சிலில் போட்ட வரைபடம் ஒட்டியிருந்தது. புடவை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அக்காவின் முகத்தில் ஓர் ஆறு வந்து விழும். "நீங்க ரெண்டு பேரும் கிளம்புறதுக்குள்ள கடல் வத்திடும்" என்பாள்.

லிஃப்ட்டுக்காரர் அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்லை. அவருக்குத் தகவல் தருகிறவர்கள் லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள்தான். விற்பனைப் பிரதிநிதி, பார்சல் கொண்டுவருகிறவர், வக்கீல் ஆபீசுக்கு நிலத்தகராறோடு வருகிறவர் என்று யார் ஏறினாலும், கதவு மூடியதும் விசாரணை ஆரம்பமாகிவிடும். "உங்க ஊர்ப் பக்கம் ரோடு எப்படி? நிழல் உண்டா?" அவர்களும் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆனால் மாடி வந்துவிடும். "பாலம் தாண்டினதும் இடது பக்கம் ஒரு..." என்று சொல்லிக்கொண்டே ஒருவர் நாலாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார். இடது பக்கம் என்ன இருக்கிறது என்பது இன்றுவரை தெரியாது. இன்னொருவர், "கடல் முனைக் குன்று ஒண்ணு இருக்கு சார், ஏறி முடிச்சு ஒரு திருப்பம் திரும்பினா அப்படியே..." என்று கையை விரித்தார். ஆறாவது மாடி. வாக்கியங்கள் இப்படிப் பாதியில் அறுந்துபோன வரைபடம் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு மச்சானுக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். "வழியில தண்ணி கேக்காத சைக்கிள்காரன் நான் ஒருத்தன்தான் மாமா. டீக்கடைக்கு ஒதுங்குற நேரம் மிச்சம்" என்றான். சிரித்தார்கள். சிரித்துவிட்டு லிஃப்ட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, பீரோவைத் திறந்து, ரப்பரை எடுத்துக்கொண்டார்.

பதினொரு நாள் ஆறாயிற்று, மூன்றாயிற்று, கடைசியில் இரண்டு ஊசிகளுக்கு நடுவே அடங்குகிற ஒற்றை நாளாயிற்று. மச்சானுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் மேடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. குன்றுகள் முதலில். பிறகு பாலங்கள், அவற்றிலும் ஒரு ஏற்றம் இருக்கிறதே. பாலத்தை அழித்துவிட்டால் ஆற்றை எப்படித் தாண்டுவதாக உத்தேசம் என்று அக்கா கேட்டாள். ஆற்றையும் அழித்தார்.

மிச்சமிருந்ததை மச்சான் படுக்கையில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தான்.

"மேட்டையெல்லாம் எடுத்துட்டீங்க, சரி. இறக்கமும் கூடவே போயிடுச்சே மாமா."

"இறக்கம் எதுக்கு மாப்ள?"

"பின்ன எதுக்கு சைக்கிள்ல போறது?"

அந்த வாரம்தான் டாக்டர் லிஃப்ட்டுக்காரரையும் அக்காவையும் தனியாகக் கூப்பிட்டார். இதயமும் தளர்ந்துவிட்டது, சைக்கிள் பேச்சே இனி கூடாது, இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும் என்றார். அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடச் சொன்னார். பக்குவம் என்பது மருத்துவக் கல்லூரியில் நடத்தாத பாடம் போலிருக்கிறது, அதனால் அதைச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். லிஃப்ட்டுக்காரர் மூன்று தரம் வாயைத் திறந்தார். மூன்று தரமும் டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் கேட்க முடிந்தது.

சொல்ல முடியாததற்குப் பதிலாக எதையாவது செய்யலாம் என்று தோன்றியது. அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் பின்பக்கம், அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் இடம். மேல் தளத்திலிருந்து கீழே வரை ஒரு பாதை சுருண்டு சுருண்டு இறங்கும். லிஃப்ட் அங்கேயும் போகும். ஏறாமலே இறக்கம். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் காலி. லிஃப்ட்டுக்குள் 'சைக்கிள் ஏற்றக் கூடாது' என்று ஒரு பலகை உண்டு. முதலாளியிடம் மல்லுக்கு நின்று அதை வைக்கச் சொன்னவரே இவர்தான். அந்த முதலாளியின் பேரனையே மூன்று சக்கர வண்டியோடு வெளியே நிறுத்தி, அழுகைச் சத்தம் எட்டு மாடிக்கும் கேட்கும்படி செய்தவர். அந்தக் கதையை மச்சானிடம் பெருமையாகப் பலமுறை சொல்லியும் இருக்கிறார். இப்போது அவரே மச்சானின் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி உள்ளே திணித்தார். வாட்ச்மேன் பல் குத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பார்க்காமலிருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

முன்சக்கரம் முகத்துக்கு நேரே சுற்ற, மச்சான் சுவரோடு ஒட்டி நின்றான். எந்த மாடி என்று லிஃப்ட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"கடல் மாடி" என்றான்.

மேல்தளத்தில், இரண்டு கட்டடங்களின் இடுக்கில், ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டு சீட்டில் ஏறினான். மிதிக்க வேண்டாம், பிரேக்கைப் பிடித்தபடி போனால் போதும் என்று லிஃப்ட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள், சைக்கிள் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அவர் லிஃப்ட்டில் இறங்கினார். சுவருக்கு அப்பாலிருந்து மணிச்சத்தம் கேட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம். மூன்றாவது தளத்துக்கு அப்புறம் கேட்கவில்லை. கீழே வந்து நின்றார். வருஷக்கணக்கில் ஊரைக் காக்க வைத்த மனிதர், அந்தச் சாய்பாதையின் அடியில் இப்போது தானே காத்திருந்தார்.

டயர் உரசும் சத்தம் வந்தது. பிறகு மச்சான் வந்தான். காற்றில் கண்களில் நீர் வழிந்திருந்தது. காலை ஊன்றி நின்றவன் மூச்சு அடங்கும்வரை ஹாண்டில்பாரின் மேல் கவிழ்ந்திருந்தான்.

"ஒவ்வொரு சுத்துலயும் கடல் வந்து வந்து போச்சு மாமா. யாரோ கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுக் காட்டுற மாதிரி."

"மணி ஏன்டா நின்னுபோச்சு?"

"கை ஓய்ஞ்சுபோச்சு." நிமிர்ந்தான். "டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டர்?"

"அந்தக் குட்டிப் பையனோட மூணு சக்கர வண்டியையே ஏத்தாத ஆளு நீங்க. இன்னிக்கு என் சைக்கிளை ஏத்தியிருக்கீங்க. ரோட்டுக்குப் போகப் போறதில்ல, அதானே?"

லிஃப்ட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் சொல்லச் சொன்னதைத் தான் சொல்லியே விட்டோம்; அதுவும் எட்டு மாடி உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறோம். பதிலுக்கு அவர் சைக்கிளின் சீட்டைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இன்னொரு தரம் போகலாமா என்று கேட்டார். மச்சான் தலையை ஆட்டி மறுத்தான். திரும்பும்போது சைக்கிளை லிஃப்ட்டுக்காரர் உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில், மாமா சங்கடப்படுவதைப் பொறுக்க மாட்டாமலோ என்னவோ, அவன் சொன்னான்:

"அந்தக் குன்றைத் திரும்பப் போட்டுடுங்க. இனிமே என்ன?"

அன்றிலிருந்து ரப்பருக்கு வேலை இல்லை, பென்சிலுக்குத்தான். ஆறு திரும்பி வந்தது, பாலங்கள் வந்தன. நாட்கள் பதினொன்றாகி, பதினைந்தையும் தாண்டின. ஒரு மலைத்தொடரே பீரோக் கதவு கொள்ளாமல் பக்கவாட்டுக்கு வழிந்தது. எங்கும் போகப் போவதில்லை என்று தெரிந்த பிறகு எந்த மேட்டுக்கும் பயப்பட வேண்டியதில்லையே. அக்கா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்று துணிகளைக் கொடியிலேயே போட்டு வைத்தாள்.

டயாலிசிஸ் நடக்கும்போது கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து லிஃப்ட்டுக்காரர் வழி சொல்லுவார். இயந்திரம் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். லிஃப்ட்டில் பாதியில் அறுந்த வாக்கியங்களையெல்லாம் இப்போது அவரே முடித்துவைத்தார். பாலம் தாண்டி இடது பக்கம் ஒரு வாத்துக் குளம் இருந்தது. வாத்துகளுக்கு நிறம்கூட இருந்தது.

ஒருநாள் கடல் முனைக் குன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். மச்சானின் கண்கள் மூடியிருந்தன. முகம் வீங்கி வேறு யாரோ போலிருந்தது. தூங்கிவிட்டானோ என்று நிறுத்தினார்.

"ம்" என்றான்.

"ஏறி முடிச்சாச்சு மாப்ள. இனிமே ஒரே இறக்கம்தான். அந்தத் திருப்பம் திரும்பினா..." வேகமாகச் சொல்லி முடித்துவிடப் பார்த்தார்.

ஊசி ஏறாத கையைக் கொஞ்சமாக உயர்த்தி மச்சான் அவரைத் தடுத்தான்.

"மெதுவாப் போங்க மாமா. பின்னாடி கண்ணாடி கட்டியிருக்கேன்."