மழையில் பால் வெட்டும் காட்சி

நண்பன் ரூபன் எடுத்த குறும்படத்தை இன்று ருவான்வெல்லை பஸ்ஸில் வைத்து அவனுடைய போனில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை போட்டிக்கு அனுப்ப வேண்டும்.

"உள்ளதச் சொல்லு மச்சான்" என்றான்.

சொன்னேன். கதாநாயகி கொட்டும் மழையில் அழுதுகொண்டே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். மழையை விட, அந்த மழையைப் பெய்ய வைத்த தண்ணீர் மோட்டார் சத்தம்தான் பலமாகக் கேட்கிறது.

கதாநாயகியாக நடித்தது அவனுடைய அக்கா. தோட்டத்தில் நிஜமாகவே பால் வெட்டுகிறவர். முன் சீட்டில் இருந்த அந்த அக்கா திரும்பினார்.

"மோட்டார விடுங்க தம்பி. மழை பேஞ்சா யாரு பால் வெட்டுறா? பாலெல்லாம் தண்ணியோட ஓடிரும்."

"அத அன்னிக்கே சொல்லலாம்லக்கா?" என்றான் ரூபன்.

"சொன்னேனே. 'பேசாம அழு'ன்ன."

"சோகமா இருக்கட்டும்னுதான்."

"மழை பேஞ்சா வேலையும் இல்ல, சம்பளமும் இல்ல. வீட்டுல குந்தி வானத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும். அத எடுக்க வேண்டியதுதானே."

ரூபன் அதைத்தான் எடுக்கப் போகிறான். இம்முறை நிஜ மழை வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் நம் பக்கம் பெய்யுமா என்று என்னைக் கேட்கிறான்.

அக்கா பெய்யவே கூடாது என்கிறார். நீங்கள் எந்தப் பக்கம்?