தேங்காய் எண்ணெய் ஊற்றிய பெல்ட்

எனக்கு அப்போது ஒன்பது வயது. பாசிர் கூடாங்கில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கச்சி. அத்தை தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்தார்.

அப்பாவிடம் ஒரு பழைய கார். காலையில் முடுக்கினால் கீ என்று கத்தும். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு அக்கா சமையலறையிலிருந்தே கேட்பார்.

"ஆட்ட அறுக்குறீங்களா, காடிய ஸ்டார்ட் பண்றீங்களா?"

கத்துவது பெல்ட். என்ஜினுக்கு முன்னால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் ஒரே நீளப் பெல்ட். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது, ஸ்டீரிங்கை இலகுவாக்குவது, ஏர்கோன், தண்ணீர்ப் பம்பு, எல்லாம் அது சுற்றினால்தான். தேய்ந்தால் வழுக்கும். வழுக்கினால் கத்தும். மாற்ற வேண்டும். அப்பா மாற்றவில்லை. "கத்துற வரைக்கும் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குத் தட்டு மாற்றப் போகிறோம். குளுவாங்கில் ஒரு கோயில். மாப்பிள்ளை வீட்டார் அங்கே வந்துவிடுவார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு கைமாறிவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரிதான். அப்பா வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அத்தையிடம் போட்டோவைக் காட்டியிருந்தார்கள். அத்தை பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வேலைக்குப் போய்விட்டார். எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் கவலை வேறு.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி இந்தச் சத்தத்தோடயா போயி எறங்குறது? மானமே போயிரும்."

எனக்கு அது மனதில் தைத்தது. கதவு கத்தினால் அம்மா கீலுக்கு எண்ணெய் விடுவார். தையல் மிஷினுக்கும் விடுவார். காருக்கு மட்டும் யாரும் விடவில்லை. அப்பா காரைக் கழுவினார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். பானெட்டைத் திறந்தபடியே விட்டுக் குளிக்கப் போனார். நான் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பெல்ட் மேல் ஊற்றினேன். பாதிப் போத்தல் போனது.

சாப்பிட்டுக் கிளம்பினோம். அப்பா முடுக்கினார். சத்தமே இல்லை.

"சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றார் அம்மா.

"தானா சரியாயிரும்னு சொன்னேன்ல?" என்றார் அப்பா.

சொல்லாமல் நல்லது செய்வதில் ஒரு சுகம் இருந்தது.

எண்ணெய் பட்ட ரப்பர் முதலில் சும்மா இருக்கும். பிறகு பிடிமானம் போய்விடும். இப்போது எனக்குத் தெரியும். என் காரை நானே பார்த்துக்கொள்கிறேன். பெல்ட்டின் வரிகளில் வெடிப்புக் கண்டால் மாற்றிவிடுவேன். அன்றைக்குத் தெரியாது.

ஏர்கோன் போட்டதும் காருக்குள் எண்ணெய் வாசம் வந்தது. அம்மா திரும்பி அத்தையின் ஜடையைப் பார்த்தார்.

"இம்புட்டு எண்ணெயா வைக்கிறது? மொகமெல்லாம் வழியும் லா."

அத்தை மடியில் தட்டை வைத்துக்கொண்டு வெளியே செம்பனை மரங்களைப் பார்த்தபடி வந்தார்.

கூலாய் தாண்டியதும் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏர்கோன் சூடாக அடித்தது. சூட்டு முள் ஏறியது. அப்பா ஓரம் கட்டப் பார்த்தார். ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினார். மணி மூன்றே கால்.

எல்லோரும் இறங்கினோம். அப்பா பானெட்டைத் திறந்தார். ஆவி அடித்தது. பக்கத்தில் தெறித்திருந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"தேங்கா எண்ண." எங்களைப் பார்த்தார். "யாரு ஊத்துனது?"

வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு ரோத்தான் பிரம்பு இருந்தது. வீடு வெகு தூரம். ஆனாலும் எனக்குக் கால் எரிந்தது. வாயைத் திறக்கப் போனேன்.

"நாந்தாண்ணே" என்றார் அத்தை.

ஒரு லாரி கடந்து போனது. கார் ஆடி நின்றது.

"நீயா? எதுக்கு?"

"போயிச் சேரக் கூடாதுன்னு."

"அலமாக்! கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? அங்க அவங்க மாலையோட நிப்பாங்க..." அம்மா கத்தினார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ளைய புடிக்கலையா?"

"இப்பத்தான் கேக்குறீங்க."

அப்பா விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்தார். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். காடி பழுது என்று ஆரம்பித்தது கேட்டது. "இல்லீங்க, வேற நாளும் வேணாம்" என்றது கேட்டது. மன்னிச்சிருங்க என்று மூன்று தடவை சொன்னார். அப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை.

இழுவை லாரிக்காகச் சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்திருந்தோம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டைப் பிரித்தார். ஒரு லட்டை எடுத்துத் தின்றார். அத்தைக்கும் ஒன்று நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டே தின்றார்.

எனக்கு அடி விழாமல் இருக்க அத்தை இவ்வளவு பெரிய பொய் சொல்லிவிட்டார். கல்யாணத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார். அப்பா எழுந்து போனதும் அத்தையின் காதில் சொன்னேன்.

"அத்த, என்னாலதான் ஒங்க கல்யாணம் நின்னுபோச்சு. சத்தியமா இனிமே ஊத்த மாட்டேன்."

அத்தை கண்ணைத் துடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல வேள ஊத்துன, புள்ள."

கடும் வெயில். பாவம், அத்தைக்குத் தலை சுற்றுகிறது போல என்று நினைத்தேன். காருக்கு ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன்.