பெரிய துண்டாகப் போட்டால் என்ன ஆகும்?

சென்ற வாரம் எங்கள் முகப்பேர் குடியிருப்பில், மேல்வீட்டுக்காரர் ரேஷன் மண்ணெண்ணெயைப் படிக்கட்டில் கவிழ்த்துவிட்டார். கழுவிவிட்ட பிறகும் வாடை போகவில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி இறங்கினார்கள். நானோ இரண்டாம் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். மண்ணெண்ணெய் வாடைக்குப் பிறருக்கு அடுப்பு நினைவு வரும். சோடியம் நினைவுக்கு வருகிறவன் இந்தக் கட்டடத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நண்பரே, யுத்த காலத்தில் நான் சென்னைக் கல்லூரி ஒன்றில் இரசாயனச் சோதனைகளைச் செய்துகாட்டும் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். லெக்சரர் அல்லேன். இந்த வேறுபாட்டைப் பிறர் எடுத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் வழக்கம். கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் வகுப்புக்குள் ஒரு நாளும் நுழைந்ததில்லை. அம்பத்தூரில் குடியிருந்தபடியால் தினமும் ரயில். எஞ்சினின் தீப்பொறி விழுந்து கோட்டில் பொட்டுப் பொட்டாகத் துளை. அவை அமிலத் துளைகள் என்று மாணவர்கள் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை.

இண்டர்மீடியட் முதலாண்டு மாணவர்களின் கேள்விகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. முகங்கள் மாறும், கேள்விகள் அவையே. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்ததால் அங்கே அனைவரும் ஊமை. மாலை ரயிலில்தான் வாய் திறக்கும், அதுவும் தமிழில். "கண்ணால பாக்காத அணுவை எப்படி சார் எடை போட்டாங்க?" என்பான் ஒருவன். அமிலத்தில் நீரை ஊற்றாதே, நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த வாரத்தில், தவறாமல் ஒருவன் எழுந்து வருவான்: "இன்னா சார், ஊட்ல தயிர்லதானே தண்ணி ஊத்துறாங்கோ? தண்ணியிலயா தயிர ஊத்துறாங்கோ?"

"தயிர் கொதித்து முகத்தில் தெறிப்பதில்லை" என்பேன். நம்பாமல் செய்து பார்த்த ஒருவன் கன்னத்தில் வெள்ளைத் தழும்போடு பட்டம் பெற்றான்.

ஆனால் கேள்விகளுக்கெல்லாம் அரசன் ஒன்று உண்டு. சோடியத்தைக் காற்றும் நீரும் தீண்டாதபடி மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்போம். அதை வெளியே எடுத்து, கத்தியால் வெண்ணெய் போல் நறுக்கி, பட்டாணியளவு துண்டை நீர்த்தட்டில் இடுவேன். அது உருண்டு, சீறி, மஞ்சள் சுடராக ஓடித் தீரும். வகுப்பு மூச்சடைத்திருக்கும். அன்று மாலை ரயிலில் கேள்வி வரும்: "சார், பெரிய துண்டா போட்டா இன்னா ஆவும்?"

"பெரிய துண்டாகப் போடலாகாது." என் விடை ஆண்டுதோறும் இதுவே.

அந்த ஆண்டு இதைக் கேட்டவன் ஏகாம்பரம். மேனாம்பேட்டுக் குடியானவர் துலுக்காணத்தின் ஒரே மகன். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். நெட்டையன், ரயில் பெட்டியில் தலை குனிந்து நின்றபடியே கேட்டான். என் விடையைக் கேட்டுத் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் ஒப்புக்கொண்டான் என்று பொருளல்ல என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வாயகன்ற தலைமயிர் எண்ணெய்ப் புட்டி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதில் இரண்டு துண்டு சோடியத்தைப் போட்டு, ஏகாம்பரம் அம்பத்தூர் ஏரிக்கரைக்குச் சென்றிருக்கிறான். அது அவன் கைக்கு எப்படி வந்தது என்று நான் அன்றும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழ அளவு இருந்த ஒரு துண்டைத் தண்ணீரில் வீசினான். இடி விழுந்தாற்போல் ஒலி. நீர் பனைமர உயரம் எழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

வேறு காலமாயிருந்தால் ஊரார் அவனை வைது தீர்த்திருப்பார்கள். அதுவோ ஜப்பான்காரன் எந்நேரமும் குண்டு போடுவான் என்று பட்டணமே பாதி காலியாகியிருந்த காலம். ஆவடியில் இராணுவ முகாம். சாலையில் போன இராணுவ லாரி நின்றது. சற்று நேரத்தில் போலீஸாரும் வந்துவிட்டார்கள். கரையில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் அடி. துவைத்துக்கொண்டிருந்த வண்ணார் ஒருவர் தடியைத் தடுக்கக் கையை உயர்த்தினார். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து கை மடங்கித் தொங்கிற்று. தண்ணீர் எடுக்க வந்த பெண்களின் குடங்களை உதைத்து உடைத்தார்கள். "எவன்டா ஜப்பான்காரனுக்கு சைகை காட்டினது?" என்று கேட்டுக்கேட்டு அடித்தார்கள். புதருக்குள் பதுங்கியிருந்த ஏகாம்பரம் ஓடியிருக்கலாம். வண்ணாரின் கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். "அவரை உடுங்க. நான்தான் போட்டேன்" என்று மற்றத் துண்டு இருந்த புட்டியை நீட்டினான்.

இவையெல்லாம் துலுக்காணம் என் வாசலில் மூச்சிரைக்க நின்று சொன்னவை. "சார், எம் புள்ளய அடிச்சே கொன்னுடுவானுங்கோ போல கீது. கூட இருந்த கூட்டாளி பேரு சொல்லுங்கறானுங்கோ. யாருமே இல்லன்னா எங்கேர்ந்து சொல்லுவான்? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

கோட்டை அணிந்தேன், தலைப்பாகையைக் கட்டினேன். அவருடைய மாட்டு வண்டியில் புறப்பட்டோம். அந்தப் போலீஸ் நிலையம் எது என்று எழுதுவதில் இப்போது பயனில்லை. சாலையிலிருந்தே அறையும் ஒலி கேட்டது. விறகு பிளப்பது போல் சீரான இடைவெளியில் கேட்டது.

உள்ளே ஏகாம்பரத்தைத் தூணில் கட்டியிருந்தார்கள். சட்டை இல்லை. முதுகெல்லாம் தடித்துக் கன்றிய வரிகள். ஏட்டு அவன் எதிரே நின்று, உள்ளங்கையைக் குழித்து, இடது காதின் மேல் மட்டுமே திரும்பத் திரும்ப அறைந்துகொண்டிருந்தார். காதிலிருந்து இரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"பேரு சொல்லுடா! குண்டு செய்யக் கத்துக் குட்த்தவன் எவன்டா?"

"நான்" என்றேன் வாசலிலிருந்து.

அறைவது நின்றது. மேசைக்குப் பின்னாலிருந்த இன்ஸ்பெக்டர் தலையை உயர்த்தினார். என் பெயர், கல்லூரி, பதவி ஆகியவற்றை முறையாகச் சொன்னேன். புட்டியில் இருப்பது குண்டு அன்று, சோடியம் என்னும் உலோகம். நீர் பட்டால் வெடிக்கும். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் செய்துகாட்டும் பாடம் என்றேன்.

ஏட்டு சிரித்தார். "தண்ணி பட்டா வெடிக்குமாம்! தண்ணி பட்டா நெருப்பே அணையும். இது தெரியாத வாத்தியார் பாடம் நடத்தறாரு, நைனா!" கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சந்தேகத்துக்குரிய வெடிபொருள் எது பிடிபட்டாலும் அதைத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பது அக்காலப் போலீஸாரின் வழக்கம். மருந்து நனைந்தால் குண்டு செத்துவிடும் என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். பெரும்பாலான குண்டுகளுக்கு அது பொருந்தவும் செய்தது. முற்றத்தில் குதிரைக்கான கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஏட்டு புட்டியை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

"போடாதீர்!" என்று கத்தினேன். வகுப்பில்கூட நான் குரலை உயர்த்தியவன் அல்லேன். ஓடிச் சென்று அவர் கையைப் பற்றினேன். பின்னாலிருந்து ஒரு கான்ஸ்டபிளின் தடி என் தோளில் இறங்கியது. தலைப்பாகை புழுதியில் உருண்டது. நான் அடிபட்டு விழுந்தேன் என்று பின்னாளில் சிலர் பேசினார்கள். விழவில்லை. தலைப்பாகையை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவே.

நான் குனிந்திருந்த அந்த நேரத்தில் ஏட்டு புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தார்.

முதலில் சீறல். அடுத்த நொடி தொட்டியின் ஒரு பக்கச் சுவர் பிளந்து வெளியே பாய்ந்தது. தண்ணீரும் தீயும் கல்லும் ஒன்றாக வந்தன. குதிரை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு கான்ஸ்டபிள் ஒருவரை மிதித்துக்கொண்டு ஓடியது. ஏட்டு மல்லாந்து கிடந்தார். மீசையும் புருவமும் இருந்த இடத்தில் பொசுங்கிய தோல். "கண்ணு! ஐயோ, கண்ணு!" என்று முகத்தைப் பிறாண்டிக்கொண்டார். கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, குடம் குடமாக முகத்தில் ஊற்ற வைத்தேன். "இன்னும் தண்ணியா?" என்று தயங்கிய கான்ஸ்டபிளை நான் பார்த்த பார்வையில் அவர் ஊற்றிவிட்டார். தெறித்த சோடியக் காரத்தைக் கழுவ வேறு வழியில்லை. ஏட்டுக்கு ஒரு கண் பிழைத்தது.

புகை அடங்கிய பின் இன்ஸ்பெக்டர் என் அருகில் வந்தார்.

"இதையா பசங்களுக்குக் காட்டறீங்க?"

"பட்டாணியளவு."

"அப்போ இவன் உங்க காலேஜ்லேர்ந்து திருடிக்கினு வந்தானா?"

நண்பரே, அந்த வினாவின் இரு பக்கமும் பள்ளம். திருடினான் என்றால் அவனுக்குச் சிறை. நானே கொடுத்தேன் என்றால் எனக்கு வேலை போகும், சிறையும் கிட்டலாம். தலைப்பாகையைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டேன்.

"என் சோதனைச்சாலையில் எதுவும் களவு போவதில்லை" என்றேன்.

அது என் பெருமை. அதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. இன்ஸ்பெக்டர் பிளந்த தொட்டியைப் பார்த்தார். பிடிபட்ட பொருள் இப்போது இல்லை. எச்சரித்தும் கேளாமல் அதை அழித்தது அவருடைய ஏட்டு. மேலிடத்துக்கு இதை எப்படி எழுதுவது என்று அவர் மனத்துக்குள் கூட்டிக் கழித்ததை நான் கண்டேன்.

"இட்டுக்கினு போங்க. இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

துலுக்காணம் மகனைத் தோளில் தாங்கி வண்டியில் ஏற்றினார். நான் அவனுக்கு இடப்புறம் அமர்ந்தேன். ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம். ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பாடத்தைத் தொடங்கினேன். துண்டு பெரிதானால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே ஏறுவதையும், உலோகம் உருகுவதையும், பிரிந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்து தீப்பிடிப்பதையும் படிப்படியாக விளக்கினேன். ரயிலில் ஒருவருக்கும் சொல்லாத விடையை, வகுப்பில் சொல்வதைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் எருதுகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

நான் முடித்த பிறகு திரும்பினான். கொஞ்சம் உரக்கவே பேசினான். "சார், இன்னாவோ சொல்லிக்கினே வரீங்க. இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கல. அந்தாண்ட வந்து சொல்றீங்களா?"

எந்த மாணவனும் எனக்கு இடம் காட்டியதில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிச் சுற்றி வந்து, அவனுடைய வலப்புறம் ஏறி அமர்ந்தேன். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

ஏரியின் அந்தப் பக்கம் தூர்ந்து, வண்டி போன கரை இப்போது கடைவீதி. போலீஸ் நிலையத்தை இடித்துவிட்டார்கள். இந்நாளில் கல்லூரியில் சோடியத்தைப் படம் வரைந்து காட்டுகிறார்களாம். ஏகாம்பரம் இரண்டாம் வகுப்பில் தேறி, பாடியில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றான். அந்த இடது காது திரும்பவே இல்லை. வழியில் சந்தித்தால் இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் நான் அவனுக்கு வலப்புறம் போய்விடுவேன், பிறகே பேச்சு. போன ஐப்பசியில் அவனும் போய்விட்டான்.

இப்போதும் யாரோடு நடந்தாலும் என் கால்கள் சுற்றிக்கொண்டு அவர்களுடைய வலப்புறம் போகின்றன. கிழவர் மரியாதை பார்க்கிறார் என்று நினைத்து அவர்கள் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். நான் திருத்துவதில்லை.