சூசை அப்பு பேசிய துரை இங்கிலீஷ்

விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்தார்கள். "சூசை அப்பு பீலித் தண்ணியில குளிச்சுக்கிட்டே சாஞ்சிட்டாரு!" விழுந்ததில் பலத்த அடியா என்று கேட்டேன். "இல்ல தாத்தா, போயிட்டாரு." முதல் நாள் சாயங்காலம்தான் என் வாசலில் உட்கார்ந்து, "ஒன் வீட்டுத் தேத்தண்ணி பாத்திரம் கழுவின தண்ணிடா, முத்தையா" என்று ஏசிவிட்டு, இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார். எட்டு நாளாகியும் அந்தக் கோப்பையை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் மகள் செல்வி எழுதுகிறாள். அவரோடு பழகிய நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களே, இது உங்களுக்கு.

இருபது வருடம் தோட்டத்துத் துரை பங்களாவில் சமைத்தவர்; அதனால்தான் அப்பு. பள்ளிக்கூடம் மிதிக்காதவர். ஆனால் அவரிடம் இரண்டு இங்கிலீஷ் இருந்தது. வாயால் பேசியது ஒன்று: "எஸ் சார், டின்னர் ரெடி சார்." துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்று காதில் வாங்கியது மற்றது, துரை கொழும்புக்காரர்களை டெலிபோனில் ஏசுகிற இங்கிலீஷ். அதை அவர் வெளியே எடுத்து அதுவரை நான் பார்த்ததில்லை.

செல்வி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் விடவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அந்த ஊர் ஏஜென்ட் தன் ஆபிசிலேயே அடைத்து வைத்திருக்கிறான் என்று டெலிபோன் நம்பரோடு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

நானும் சூசை அப்புவும் பெல்மதுளையில் டெலிபோன் பேசும் கடைக்குப் போனோம். "அண்ணே, அவன் அரபிக்காரனாச்சே. அவன் பாஷைக்கு எங்க போறது?" என்றேன்.

"அவனுக்கு மட்டும் என் பாஷை தெரியுமா? இங்கிலீஷ் ரெண்டு பேருக்கும் பொதுவான ரோடுடா. ஒழுங்கா நடக்கணும்னு சட்டமா?"

முதலில் "குட் மோர்னிங் சார்" என்றார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. "எஸ் சார், எஸ் சார்" என்று குனிந்தார். திடீரென்று அவர் முதுகு நிமிர்ந்தது. "லிசன் டு மீ, யூ டேம் ஃபூல்!" அப்படியே துரையின் குரல். துரை தட்டுவது போலவே பலகையைத் தட்டினார். கடை முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "அப்போய், சுது மஹத்தயெக் வகே!" வெள்ளைக்காரத் துரை மாதிரியே என்று சிங்களத்தில் வாய்பிளந்தார்.

வெளியே வந்ததும் ஒரு பீடி பற்றவைக்க நாலு தீக்குச்சி செலவழித்தார். "அனுப்புறாங்களாம், முத்தையா. போய் நல்லா சாப்பிடு." பிறகு சிரித்தார். "அவனுக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல. இரவல் சட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் மல்லுக்கட்டினோம்."

ஒரு மாதத்துக்குப் பிறகு செல்வி வந்து சேர்ந்தாள்.

இதைச் சொன்னதும் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, அன்னைக்கு அவன் அனுப்புறேன்னு சொல்லவே இல்ல. நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். முடியாதுன்னு போனை வச்சிட்டான்."

"அப்புறம்?"

"சூசை பெரியப்பா ஞாயித்துக்கெழமை தோறும் அவனுக்குப் போன் போட்டாரு. அஞ்சாவது தடவைதான் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டான். இந்தக் கிழவனோட என்னால மாரடிக்க முடியாது, போய்த் தொலைன்னான். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பெரியப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

அந்த ஞாயிறுகளில் மாதா கோயிலுக்கு என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். நானும் நம்பினேன். அந்த ஒரு மாதமும் மூன்று வேளை சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மகள் வருகிறாள் என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். நிலவரம் தெரிந்திருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செல்வி வந்த பிறகு எத்தனையோ பேருக்கு அவர் இங்கிலீஷில் பேசிக் கொடுத்தார். எனக்கு மட்டும் தமிழில் ஒரு பொய் சொன்னார். அவருடையதாக என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொய்தான்.