பழம் வேகும் நேரம்

சர்க்கரை சேர்க்காமல் வேகவைத்த ஸ்ட்ராபெரி, மூன்றாவது முறையாக விடுதி அடுப்பில் நீர்த்துப் புளித்துக் கிடந்தபோதும், அதில் போட்ட பட்டையின் மணம் மட்டும் பிசகாமல், ரிங்லெட் ஊருக்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தின் மணமாகவே எழுந்தது. அதுதான் அதிகம் எரிச்சலூட்டியது. இடிக்கப்பட்டுவிட்ட அந்த லயத்தின் பின்புறம், குளிப்பதற்கு வெந்நீர் காயும் அண்டாவின் கீழ், தேயிலை மலையிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராகக் குளித்து முடிக்கும்வரை, தணலின் ஓரத்தில் அம்மா வைத்த சட்டியில், விலைபோகாத அடிபட்ட பழங்கள் அவசரமின்றிக் குழைந்து, நீர் சுண்டி, தாமாகவே இனித்தன.

நீரிழிவு வந்த அப்பாவுக்கு நாளை ஒரு புட்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். கையில் ஒரு முறைக்கான பழமே மிஞ்சியிருந்தது. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நிமிடம் வேகவைக்க வேண்டும் என்று கேட்டேன்.

“நிமிசமெல்லாம் யாரு பாத்தா? கடைசியா அப்பா குளிச்சிட்டு வந்தாருன்னா எறக்கிருவேன்லா.”

“அப்பா எவ்ளோ நேரம் குளிப்பாரு? சரியா சொல்லுங்கம்மா.”

அம்மாவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் தொலைபேசியில் கேட்டது. “இந்த வீட்டுல ஹீட்டர்லா, ரெண்டே நிமிசம். அவள அதுக்கு மேல வேகவெக்கச் சொல்லு.”

அளவுகளைத் திருத்தமாக எழுதியிருந்த தாளில் நேரத்துக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. மிஞ்சிய பழத்தைச் சட்டியிலிட்டு, தீயை மிகக் குறைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.